மச்சான் தள்ளிய வண்டி

பெல்ட்டை எரித்தது நான்தான். அதில் யாரும் பங்கு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன்.

சதுப்பின் நட்டநடுவில், என் மச்சான் லியாண்டரின் நாலு சக்கரக் குவாட் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இழுவைப் பலகையில் நாலாக வெட்டிய ஒரு முழு மூஸ் மான், அதன்மேல் அதன் தலை, கோடரி, கயிறு, கெட்டில். கொம்பை மட்டும் வண்டியின் முன்னால் கட்டியிருந்தேன், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. என் இடது கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பி மேலே வந்தது. மூடுபனி என்று நினைத்தேன். மூடுபனிக்கு ரப்பர் வாசனை கிடையாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது.

"ஹேவர்ட்! கையை எடுடா!"

முழங்கால் வரை சேற்றில் நின்று, பலகையை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்த லியாண்டர் பின்னாலிருந்து கத்தினான்.

எடுத்திருக்கலாம். ஆனால் வண்டி லேசாக நகர்கிற மாதிரி எனக்கு ஓர் எண்ணம். இன்னும் ஒரு அழுத்து, அவ்வளவுதான், கரை ஏறிவிடும். ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எஞ்சின் அலறியது. சக்கரங்கள் அசையவில்லை. பிறகு உள்ளே யாரோ கதவை அறைந்து சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் எஞ்சின் மட்டும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது, குடும்பப் பொறுப்பு எதுவும் இல்லாதவனைப் போல.

லியாண்டர் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி முன்னால் வந்தான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கியர் கம்பியைப் பார்த்தான்.

"ஹை," என்றான்.

"ஹைலயா இருக்கு?"

"அறுநூறு பவுண்டு மாமிசத்தைச் சேத்துக்குள்ள ஹை கியர்ல இழுத்திருக்கே."

"லோல போட்டா மெதுவாப் போவும் மச்சான்."

"இப்ப எவ்வளவு வேகமாப் போவுது?"

கட்டைவிரலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தேன்.

எங்கள் வண்டிகளில் சங்கிலி கிடையாது. எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்து வைப்பது, இரண்டு கிளட்சுக்கு நடுவில் ஓடுகிற ஒரு ரப்பர் பெல்ட். ஹை கியரில் போட்டுக்கொண்டு நடக்கிற வேகத்தில் பாரம் இழுத்தால் கிளட்ச் அதைச் சரியாகக் கவ்வாது. கவ்வாவிட்டால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் எரியும். எரிகிறது பெல்ட் மட்டும் இல்லை, கிளட்சின் முகமும் சேர்ந்து தேயும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் சொந்த வண்டி அந்த வருஷத்தின் மூன்றாவது பெல்ட்டைத் தின்றுவிட்டுக் கொட்டகையில் படுத்திருந்தது. அதனால்தான் மச்சான் வண்டியில் வந்திருந்தோம். "அந்தப் பெல்ட்டுக்குக் குடுத்த காசுக்கு நகை வாங்கியிருந்தா நான் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்," என்பாள் என் மனைவி டெல்ஃபீன். அவள் லியாண்டரின் தங்கை. திட்டுவதில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம்.

லியாண்டர் காலையிலேயே சொல்லியிருந்தான், பாதி பாதியாக இரண்டு நடை அடிக்கலாம் என்று. நான்தான் ஒரே நடை என்று ஒற்றைக் காலில் நின்றேன். காரணம் ஒபேட்.

பழைய ரயில் பாதையில், பாலத்தை ஒட்டி, பக்கத்து மீன்பிடித் துறை ஒபேட்டும் அவன் கூட்டமும் ஒரு வாரமாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் மூஸ் சிக்கவில்லை. மத்தியானம் தாண்டியதும் பாதையோரம் நெருப்பு மூட்டிக் கெட்டில் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து, முன்னால் கொம்பு, பின்னால் முழு மூஸ், தலையைக்கூடத் திருப்பாமல் நாங்கள் கடந்து போக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்தில் எங்கள் கரைப் பக்கம் மூஸைச் சுடுவது பாதிச் சந்தோஷம்தான். அடுத்த துறைக்காரன் தேநீர்க் குவளையை வாயில் வைத்தபடி அதைப் பார்ப்பதுதான் மீதி. பாதி மூஸோடு போனால் அதில் என்ன இருக்கிறது? அதிலும் லோ கியரில் முனகிக்கொண்டே எப்படிப் போவது?

"பழைய பெல்ட் ஒண்ணு இருக்கு," என்று லியாண்டர் இருக்கையைத் தூக்கினான். "ஓரம் பிஞ்சு போச்சுன்னு ஆகஸ்ட்ல கழட்டினது. நீ எரிச்சது புதுசு."

"புதுசுதான் நல்லா எரியும்."

அவன் சிரிக்கவில்லை. சேற்றில் மண்டியிட்டு மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான். மூடி வந்ததும் உள்ளேயிருந்து கருகல் வாடையோடு கறுப்புத் தூள் கொட்டியது. அறுந்த பெல்ட்டின் நூல்கள் கிளட்சின் தண்டில் தலைமுடி மாதிரி சுற்றிக் கிடந்தன. ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அடுத்த பெல்ட்டை அது தின்றுவிடும். லியாண்டர் கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தான். நான் உதவப் போனேன். "நீ அந்தப் பக்கம் நில்லு. காத்தை மறை," என்றான். அந்த வேலைக்கு என் உடம்பு பொருத்தமானது, எனவே நின்றேன்.

காற்று தெற்கே திரும்பியிருந்தது. கடலிலிருந்து மூடுபனி மேட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தெரிந்த குட்டை மரங்கள் இப்போது இல்லை.

புதுப் பெல்ட்டின் இடத்தில் பழைய பெல்ட்டை மாட்டி, கிளட்சைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு லியாண்டர் அப்படியே பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வெடுக்க உட்காருகிறவன் இடம் பார்த்து உட்காருவான்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. காலைல தின்ன பொலோனி சாசேஜ் பேசுது."

"என்ன சொல்லுது?"

"உன்னைப் பத்திதான். காது கொடுத்துக் கேக்க முடியல."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். தள்ளும்போது இருந்த சிவப்பு எங்கேயோ போயிருந்தது. பிசைந்து வைத்த ரொட்டி மாவின் நிறம். எங்கள் மூச்சு வெண்மையாகத் தெரிகிற குளிர், அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இடது கையுறையைக் கழற்றிவிட்டு விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தான், யாரோ ஒருவருடைய கையைப் பரிசோதிப்பவனைப் போல.

"கை என்ன பண்ணுது?"

"உன் கழுத்துக்கு அளவு பாக்குது."

"நெஞ்சு வலிக்குதா?"

"வலிக்காம? புதுப் பெல்ட்டுடா அது."

நான் கோமாளி. துறையில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம், சாவு எதுவானாலும் சமையலறையில் என்னைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அந்த நிமிஷம்தான் முதல் முறையாக இன்னொருவன் அடிக்கிற ஜோக் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனிடம் இருந்து ஒரு வார்த்தை நேராக வாங்க வேண்டும், அதற்கு எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தினான்.

அவனைக் கிளப்பிவிட ஒரு வழி இருந்தது. இறைச்சி. அந்த மூஸுக்கு லைசென்ஸ் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்தோம். இறைச்சியைக் காட்டில் போட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வருகிற மாதிரி. சொன்னால் எழுந்து நின்று திட்டுவான், முகத்தில் ரத்தம் வரும் என்று கணக்குப் போட்டேன்.

"இறைச்சியை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம் மச்சான்."

"சரி," என்றான்.

அவ்வளவுதான். சரி. ஒரு கால்கூட வேண்டுமென்று கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது.

பலகையைக் கழற்றினேன். கொம்பையும் அவிழ்த்து இறைச்சிமேல் போட்டேன். ஒரு துப்பாக்கியை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்காட்டில் போன் எடுக்காது. லியாண்டரின் மகள் ராக்ஸான், ஆல்பெர்ட்டாவில் வேலை பார்க்கிறவள், ஒரு சாட்டிலைட் கருவி வாங்கி அனுப்பியிருந்தாள். பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும். அது வீட்டு அலமாரியில், வந்த பெட்டியோடு பத்திரமாக இருந்தது. காட்டில் தொலைந்துவிடக் கூடாது என்று லியாண்டர் அதை வெளியே எடுப்பதே இல்லை.

அவனைப் பின்னால் ஏற்றி, மூஸைக் கட்டியிருந்த கயிற்றாலேயே என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன்.

"என்னடா, கல்யாணமா?" என்றான் என் காதில்.

"உன் தங்கச்சி சம்மதிக்க மாட்டா."

"அவ தப்பிச்சேன்னு சொல்வா."

கம்பியை லோவில் போட்டேன். போட்டுவிட்டுக் குனிந்து கண்ணாலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவன் பார்த்தானா, தெரியாது. 

ரயில் பாதைக்குப் போக ஒரு ஓடையைக் கடக்க வேண்டும், அப்புறம் ஒரு மேடு, மேட்டிலிருந்து இறக்கம். நல்ல பெல்ட் இருந்தால் ஒரு கெட்டில் கொதிக்கிற நேரம். பழைய பெல்ட் முதல் நிமிஷத்திலேயே தன் வயதைச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் கீச்சென்று ஒரு சத்தம், கொஞ்சம் ரப்பர் வாசனை. வேகமாகப் போனால் பெல்ட் போய்விடும். மெதுவாகப் போனால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

அவனைப் பேச வைக்க வேண்டும் என்று தோன்றியது. வாத்துக்கும் பாதிரியாருக்கும் நடந்த கதையைச் சொன்னேன். இருபது வருஷமாக நான் அதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி வரியை எனக்கு முந்தி அவன் சொல்லிக் கெடுப்பான். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன். காத்திருந்தேன். என் தோளில் அவன் தாடை கனமாக இருந்தது. மூச்சு கேட்டது. வரியை நானே சொன்னேன். மூடுபனிக்குள் அது சிரிப்பாகவே இல்லை.

ஓடை காலையில் பாதம் நனைகிற அளவுதான் இருந்தது. மேலே எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும், இப்போது கறுப்பாக, சத்தமே போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பகுதி தெரியவில்லை. சுற்றிப் போக வழி உண்டு, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். நான் இறங்கினேன். நடுவில் தண்ணீர் கால் பலகைக்கு மேல் ஏறி என் பூட்ஸுக்குள் வந்தது. அப்படியென்றால் பெல்ட்டின் மூடிக்குள்ளும் வந்துவிட்டது. நனைந்த பெல்ட் சோப்பு மாதிரி. எஞ்சின் கத்தக் கத்த வண்டி மறுகரையின் கூழாங்கல்லில் முன்சக்கரத்தை மட்டும் வைத்து நின்றது. கீழே குதித்துத் தள்ளலாம் என்றால் அவனை என்னோடு கட்டியிருக்கிறேன். உட்கார்ந்தபடியே உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் எப்படியோ மேலே வந்தோம்.

கியரை விடுவித்து எஞ்சினை ஓட விட்டேன், உள்ளே இருக்கிற தண்ணீரைக் கிளட்ச் சுழன்று வெளியே வீசட்டும் என்று. அதுவரை நகரக் கூடாது. கயிற்றைத் தளர்த்தித் திரும்பி அவனைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. உதட்டின் நிறம் சரியில்லை.

"மச்சான். நேரா சொல்லு. நெஞ்சுதானே?"

"நெஞ்சு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" கண்ணைத் திறக்காமலே சொன்னான். "கியர் எங்க இருக்குன்னே உனக்குத் தெரியாது."

"விளையாடாத. தாங்குவியா?"

"பெல்ட்டைக் கேளு."

பெல்ட்டை எப்படிக் கேட்பது? குனிந்து காதை வைத்தேன். தண்ணீர் தெறிக்கிற சத்தம் நின்றிருந்த மாதிரி இருந்தது. முழுசாக நின்றதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் நல்லது. அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஓடைத் தண்ணீரை விடக் குளிர்ச்சியாக இருந்தது. நான் காத்திருக்கவில்லை.

மேட்டில் பாதி தூரம் ஏறும்வரை அது பிடித்தது. பிறகு வாசனை. சதுப்பில் வந்த அதே வாசனை, அதே கணுக்கால் பக்கம். நின்று ஆற விட்டால் ஒருவேளை மேலும் கொஞ்சம் ஓடும். நிற்காமல் போனால் ஒருவேளை உச்சி வரை ஓடும். உச்சிக்குப் போய்விட்டால் அந்தப் பக்கம் இறக்கம், பெல்ட்டே வேண்டாம், உருண்டாவது போய்விடலாம். வாழ்க்கையில் நான் இவ்வளவு மென்மையாக ஒரு ஆக்ஸிலேட்டரை அழுத்தியதில்லை. "வா கண்ணு, வா தங்கம், இன்னும் கொஞ்சம்" என்று பெல்ட்டிடம் பேசிக்கொண்டே போனேன். டெல்ஃபீனிடம் அப்படிப் பேசியிருந்தால் என் வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்திருக்கும்.

உச்சிக்கு ஒரு கல்லெறி தூரம் இருக்கும்போது அது போயிற்று. இந்தத் தடவை பெரிய சத்தம் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். எஞ்சின் மறுபடி நிம்மதியானது. வண்டி பின்னால் உருளப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்து, அதைப் பூட்டி, எஞ்சினை அணைத்தேன்.

அமைதி என்று அதைச் சொல்ல முடியாது. மூடுபனி காதுக்குள்ளும் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கயிற்றை அவிழ்த்து அவனை இறக்கி, சக்கரத்தில் சாய்த்து உட்கார வைத்தேன். என் கோட்டை அவன் மேல் போட்டேன். சுமந்துகொண்டு போகலாம் என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். நாலு அடி போனோம். அவன் என்னை விடப் பெரிய ஆள். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம்.

"மூஸையே... ரெண்டு நடையா..." என்றான். மீதியைச் சொல்ல மூச்சு இல்லை.

துப்பாக்கியை மேலே தூக்கி மூன்று குண்டு சுட்டேன், ஒன்றுக்கொன்று சீராக இடைவெளி விட்டு. எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கூப்பாடு அது. காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மூடுபனி சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. மறுபடி மூன்று.

அப்போது சாம்பல் நிறக் குருவி ஒன்று வந்து வண்டியின் கைப்பிடியில் உட்கார்ந்தது. வேட்டைக்காரர்கள் பின்னாலேயே வருகிற குருவி, கொழுப்புத் துண்டு ஏதாவது விழாதா என்று. எங்கள் உடம்பெல்லாம் மூஸ் ரத்தம் காய்ந்திருந்தது. அதற்குத்தான் வந்தது. ஆனால் அது என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, பொறுமையாக, லியாண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி அதன் மேல் வீசினேன். பறந்து போய்க் கொஞ்சம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்தது. அங்கிருந்தும் அவனையே பார்த்தது.

"போ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாரு?" என்றான் லியாண்டர்.

"யாரும் இல்ல மச்சான். ஒபேட்டைத் திட்டிப் பழகறேன்."

மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழேயிருந்து ஒற்றைக் குண்டுச் சத்தம் வந்தது. கேட்டுவிட்டார்கள். பிறகு, நான் வாழ்நாளில் கேட்டதிலேயே அழகான சத்தம், ஒபேட்டின் பெரிய வண்டி மேடு ஏறி முனகுகிற சத்தம்.

மூடுபனியைக் கிழித்துக்கொண்டு முதலில் விளக்கு வந்தது, அப்புறம் ஒபேட்டின் தாடி. வாயைத் திறந்துகொண்டேதான் வந்தான். கேலி ஒன்று தயாராக இருந்தது, உதட்டில் தெரிந்தது. பெல்ட் ஹேவர்ட் என்றுதான் எனக்கு அவன் துறையில் பெயர். லியாண்டரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். முப்பது வருஷத்தில் ஒபேட் ஒரு கேலியை விழுங்கி நான் பார்த்ததில்லை. குருவியைக் கண்டு பயந்ததை விட அதைக் கண்டு அதிகம் பயந்தேன்.

சட்டைப்பையிலிருந்து மாத்திரைக் குப்பியை எடுத்தான். அவனுக்குப் போன வருஷம்தான் அடைப்புக்கு நெஞ்சில் குழாய் வைத்திருந்தார்கள். "லியாண்டர் அண்ணே, இதை மென்னுங்க. முழுங்காதீங்க, மென்னுங்க." அவனோடு வந்தவனும் நானும் சேர்ந்து லியாண்டரைப் பின்னால் ஏற்றினோம். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒபேட் கிளம்புவதற்கு முன் கியர் கம்பியை லோவில் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். என்னைக் குத்திக் காட்டுவதற்காக இல்லை. அவன் எப்போதுமே அப்படித்தான் போல.

ரயில் பாதைக்கு வந்ததும் வேகம் எடுத்தான். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்ட பாதையில் சரளை மட்டும் மிச்சம், பல் ஆடுகிற மாதிரி குலுங்கியது. அவன் ஆட்களில் ஒருவன் போன் எடுக்கிற இடத்துக்கு முன்னமே பறந்துவிட்டிருந்தான்.

"ஒபேட்," என்று காற்றுக்கு மேல் கத்தினேன். "பிழைச்சுக்குவானா?"

ஒபேட் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பனி கொஞ்சம் கலையற மாதிரி இருக்கு," என்றான்.

சாலை குறுக்கிடுகிற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதிலிருந்த பெண் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. காகிதம் ஓடுவதைப் பார்த்தாள். அவளிடமும் கேட்டேன். "நீங்க முன்னாடி உக்காருங்க சார்," என்றாள்.

லியாண்டர் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் குழாய் வைத்தார்கள். அடைப்பு ரொம்ப நாளாக வளர்ந்துகொண்டிருந்ததாம். இதயத்தின் ஒரு பக்கம் இனி சரியாக அசையாது என்று லியாண்டரின் மனைவி வெர்னாவிடம் டாக்டர் சொன்னார்.  "இந்தக் குளிர்காலத்தைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்," என்றாராம். தாண்டாவிட்டால் என்ன பேசுவது என்று அவர் சொல்லவில்லை, வெர்னாவும் கேட்கவில்லை.

மூஸை ஒபேட்டின் ஆட்கள் போய் எடுத்து வந்தார்கள், இரண்டு நடையாக. ஒரு துண்டுகூடக் குறையாமல் எங்கள் கொட்டகையில் தொங்கவிட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். கொம்பைக் கதவில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. யாரைக் கேட்டாலும் தடவிக் கொடுத்தார்கள்.

"உங்களால இல்ல அண்ணே, அவங்க அப்பாவுக்கும் இதேதான்," என்றாள் வெர்னா.

"நீ மட்டும் அங்க இல்லேன்னா அண்ணன் அங்கேயே போயிருப்பான்," என்றாள் டெல்ஃபீன். அவள் என்னைத் திட்டாமல் பேசியது இன்னும் கிலியைக் கொடுத்தது.

டாக்டரை வராந்தாவில் மறித்தேன். பாரம் தள்ளியதால் வந்ததா என்று கேட்டேன். "பல காரணங்கள் உண்டு," என்றார். ஒபேட்டைக் கடையில் பார்த்தேன். "வர்றது வரும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். துறை முழுக்க என்மேல் இரக்கம். நான் எரித்த பெல்ட்டைப் பற்றி ஒருத்தரும் கேலி பேசவில்லை. நான் உள்ளே போனால் கடையில் பேச்சு வானிலைக்குத் திரும்பியது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெர்னா என்னைக் கண்டதும் எழுந்து, நான் போய் டீ குடிச்சுட்டு வரேன் என்று வெளியே போனாள். லியாண்டர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பத்து வயது கூடிவிட்டது. சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. கையில் ஊசி ஏற்றிய இடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"உன் வண்டிக்குப் புதுப் பெல்ட் வாங்கிட்டேன்," என்றேன். "கிளட்ச் முகமும் தேஞ்சிருக்கு, மாத்தணும்னு சொன்னான். அதையும் வாங்கிட்டேன். கடைக்காரன் என் போட்டோவைச் சுவத்துல மாட்டப் போறானாம்."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது, அதைக் கலைத்துவிட்டேன்.

"மச்சான்."

"ம்."

"என்னாலதானே?"

பொலோனி என்பான் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் பெல்ட்டைக் கேள் என்பான். எதுவாக இருந்தாலும் சிரித்துவிடத் தயாராக இருந்தேன். முகத்தில் பாதிச் சிரிப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

லியாண்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.  பார்வையில் கோபம் இல்லை, விளையாட்டும் இல்லை.

"ஆமாடா," என்றான். "நீ லோல போட்டிருந்தா நான் தள்ளியிருக்க மாட்டேன். தள்ளாம இருந்திருந்தா அன்னிக்கு வந்திருக்காது."